பல்லழகனைக் காணோம்

"உங்க நீர்யானையைக் காணோம்மா" என்று காலையில் பல் டாக்டரம்மா போனில் சொன்னபோது சின்னவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டாக்டர் எதையும் இப்படித்தான் சொல்வார். எதிரே இருப்பவர்கள் எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும் தொழில். அதனால் இரண்டு பேருடைய பேச்சையும் ஒருவராகவே பேசிப் பழகிவிட்டார். எங்கே போயிருக்கும், குளிக்கப் போயிருக்கும், வந்துவிடும் என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "விளையாட்டு இல்லம்மா. வெப்சைட்ல ஒரு படம்கூட இல்ல. எல்லா இடமும் வெறும் சாம்பல் கட்டமா இருக்கு" என்றார்.

சின்னவள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். டாக்டர் சொன்னது நிஜம்தான். முகப்புப் பக்கத்தில் வாயை ஆவென்று திறந்து நிற்கும் நீர்யானை இல்லை. பல் தேய்க்கும் முறையைக் காட்டும் படங்கள் இல்லை. எழுத்து மட்டும் வீடு காலி செய்து போனவர்கள் விட்டுச்சென்ற சாமான் மாதிரி அங்கங்கே கிடந்தது. சந்தேகப்பட்டுத் தன்னுடைய வெப்சைட்டைத் திறந்தாள். இத்தனை வருஷம் வரைந்ததையெல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்த பக்கம். அது திறக்கவே இல்லை.

மெயிலில் காரணம் இருந்தது. அவளுடைய வெப்சைட்டுகளுக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனம் மரியாதையாகவே எழுதியிருந்தது. இந்தப் படங்களும் டிசைன்களும் தங்களுக்குச் சொந்தம் என்று ஒரு கம்பெனி பதிவுச் சான்றுடன் புகார் கொடுத்திருக்கிறது. விதிப்படி அவற்றை எடுத்துவிட்டோம். நீங்கள்தான் உரிமையாளர் என்றால் உறுதிமொழியோடு மறுப்பு அனுப்பலாம். புகார் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகும் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் படங்கள் திரும்ப வரும். சாராம்சம் அவ்வளவுதான். அந்தக் கம்பெனியின் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. எந்த ஊரிலும் எந்த வியாபாரத்துக்கும் வைக்கக்கூடிய ஒரு பெயர்.

தன் படத்தைத் தானே திருடிவிட்டதாகத் தன்மீது புகார். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவள் சின்னவள். தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், தண்ணீர் டேங்கைப் பார்த்த ஜன்னலுள்ள அறையில் உட்கார்ந்து சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பாள். மற்றவர்கள் செய்வதுபோல் எங்கிருந்தோ படம் எடுத்து ஒட்டுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒவ்வொரு கோடும் அவள் கையால் போட்டதுதான். பேனா ஓடி ஓடி, கம்ப்யூட்டரில் செருகிய அவளுடைய வரையும் பலகை ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

பல்லழகன் பிறந்ததும் அப்படித்தான். நாற்காலியில் ஏறியதும் குழந்தைகள் வாயை இறுக மூடிக்கொள்கின்றன, வெப்சைட்டிலும் சுவரிலும் போடுகிற மாதிரி ஏதாவது வரைந்து தாருங்கள் என்று டாக்டர் கேட்டார். நீர்யானையைவிடப் பெரிதாக வாயைத் திறக்க யாரால் முடியும் என்று சின்னவள் யோசித்து வரைந்தாள். முதலில் காது இத்துனூண்டு இருந்தது. பார்த்த அக்கா, காது இல்லாமல் என்னடி நீர்யானை, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு என்றாள். சின்னவள் காதைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். படத்துக்கு உயிர் வந்துவிட்டது. பல்லழகன் என்று பெயர் வைத்தது டாக்டரிடம் வந்த ஏதோ ஒரு வாண்டு. அதன் பிறகு குழந்தைகள் பல்லழகனைப் பார்த்துத் தாங்களும் வாயைத் திறந்தன. அந்த நல்ல பெயரால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓர் ஆந்தை, எலும்பு டாக்டருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி என்று சின்னவளுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

நல்ல பெயர் வந்தால் கூடவே காப்பியடிப்பவர்களும் வருவார்கள் இல்லையா? போன வருஷம் எங்கோ ஒரு பல் மருத்துவமனை, டாக்டருடைய வெப்சைட்டை அப்படியே அலாக்காகத் தூக்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. எவ்வளவு கண்மூடித்தனமாகத் தூக்கினார்கள் என்றால், 'டாக்டரின் மகள் திருமணத்தை முன்னிட்டு விடுமுறை' என்ற அறிவிப்பும் சேர்ந்து போய்விட்டது. டாக்டர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். தன் மகளுக்கு இரண்டாவது இடத்திலும் கல்யாணம் நடத்துகிறார்கள் என்றார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுகொண்டே அத்தானிடம் ஓடினாள்.

அக்காவின் கணவர். அவர்தான் இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர். ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவையே பார்த்துக்கொள்பவர். அப்பா போன பிறகு அம்மாவோடு வந்து சின்னவள் வளர்ந்தது, காலேஜ் படித்தது எல்லாம் அக்கா வீட்டில்தான். அவள் வரைவதற்காக ஒரு பழைய கதவை அறுத்துக் கால் வைத்து மேஜை செய்து கொடுத்தவர் அவர். அவளை ஓவியர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அந்தத் திருட்டு வெப்சைட்டை எப்படி எடுக்க வைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்து எடுக்கவும் வைத்தார். பிறகு ஒரு வாத்தியார்போல ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ரைட் கிளிக்கைத் தடுத்து வைப்பது வெறும் கண்துடைப்பு, திரையைப் படம் பிடித்தால் தீர்ந்தது. படத்தைச் சின்ன அளவில் போடு. மேலே மங்கலாக உன் பெயர் ஓடட்டும். ஃபைலுக்குள்ளேயும் பெயர் இருக்கட்டும். அவ்வப்போது படத்தையே கொடுத்து வேறெங்கே இருக்கிறது என்று தேடிப் பார். கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னார்.

"இதெல்லாம் வேலிதான். சண்டைன்னு வந்தா லேயர் பிரிச்ச ஒரிஜினல், அதாவது கோடு தனி கலர் தனியா இருக்கற ஃபைல், யார்கிட்ட இருக்கோ, பதிவு யார் பேர்ல இருக்கோ, அவங்கதான் சொந்தக்காரங்க. எல்லாத்தையும் ஒரு காப்பி போட்டு என்கிட்ட குடு. நான் பதிவு பண்ணி வைக்கிறேன். நீ வரையற வேலையை மட்டும் பாரு."

சின்னவள் முடித்தது, முடிக்காதது, வேண்டாமென்று ஒதுக்கியது எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். சில வாரம் கழித்து, பதிவாகிவிட்டது, கவலையை விடு என்றார் அத்தான். யார் பெயரில் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது.

ஆகவே இப்போதும் முதல் போன் அத்தானுக்குத்தான் போனது. அவர் மெயிலை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு மெதுவாக, "நீ எதுவும் எழுதாத. மறுப்பு கிறுப்புன்னு எதையாவது அனுப்பி வைக்காத. நான் பாத்துக்கறேன்" என்றார். நம் பதிவைக் காட்டினாலே போதுமே அத்தான் என்றாள் அவள். அதில் சில சிக்கல் இருக்கிறது, அவசரப்படாதே என்றார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். தங்கையின் குரலைக் கேட்டதும், அழாதேடி, சாப்பிட்டுப் படு, எல்லாம் சரியாகும் என்றாள். அப்புறம், "அந்தப் பாவி யாருன்னு மட்டும் தெரியட்டும், சும்மா விடக் கூடாது" என்றாள். சின்னவளுக்குப் பாதி பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

அடுத்து வந்த நாட்கள் லேசானவை அல்ல. ஆந்தையைக் காணோம் என்று கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் படம் நீங்களே வரைஞ்சதுதானே? வேற எங்கேயும் பாத்து எடுக்கலையே?" நானே வரைந்ததுதான் என்றாள் சின்னவள். அவர் உடனே நம்பினேன் என்பதுபோல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவளை மென்று தின்றது. நம்பாமல் சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

அத்தானுக்குப் போன் போட்டால் வக்கீலிடம் கேட்டிருக்கிறேன் என்பார். மறுபடி போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பார். அக்கா மட்டும் நாள் தவறாமல் பேசினாள். ஆனால் பேச்சின் முடிவில் எப்படியும், அத்தானைக் கேட்காமல் நீ எதுவும் அனுப்பவில்லையே என்று ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொள்ளும். அக்கறை என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

பொறுக்க முடியாமல் போனது டாக்டருக்குத்தான். மருத்துவமனைக்கு நேரில் வரச் சொன்னார். வரவேற்பறையில் நோயாளிகள் யாரும் இல்லாத நேரம். மருந்து வாசனை தூக்கலாக இருந்தது. சுவரில் பல்லழகன் மட்டும் பத்திரமாக வாயைத் திறந்துகொண்டு நின்றான். சுவரை யாரும் எடுக்க வைக்க முடியாது என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். பிறகு, புகார் கொடுத்த கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்தாயா என்று கேட்டார். அத்தான் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார், பார்த்தால் மனசு கெட்டுப்போகும் என்று. டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் தானே திறந்தார்.

ரெடிமேட் வெப்சைட் டிசைன்கள் விற்கும் கம்பெனி. மருத்துவமனைகளுக்கென்றே தனிப் பிரிவு. அங்கே அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பல்லழகன், ஆந்தை, ஒட்டகச்சிவிங்கி. அவள் போட்ட நிறம் மாறவில்லை. அவள் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளிகூட மாறவில்லை. பக்கத்தைக் கீழே நகர்த்திக்கொண்டே வந்த சின்னவளின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அங்கே பல்லழகனுக்குப் பக்கத்தில் இன்னொரு நீர்யானை நின்றது. தலையில் பூவும் கையில் பல் தேய்க்கும் பிரஷுமாகப் பல்லழகனின் மனைவி. ஒருநாள் வேடிக்கையாக வரைந்து, சரியாக வரவில்லை என்று அப்படியே விட்டது. டாக்டரிடம் காட்டியதில்லை. எந்த வெப்சைட்டிலும் போட்டதில்லை. அது இருந்தது இரண்டே இடத்தில்தான். ஒன்று அவளுடைய கம்ப்யூட்டர். இன்னொன்று கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்.

அவள் முகத்தைப் பார்த்து டாக்டர் என்ன என்று கேட்டார். சின்னவள் ஒன்றுமில்லை என்றாள். அத்தான் வீட்டுக்கு வந்த யாராவது திருடியிருப்பார்கள், அவருடைய கம்ப்யூட்டருக்குள் எவனாவது புகுந்திருப்பான் என்று மனசு அவசர அவசரமாகச் சமாதானம் தேடியது. பக்கத்தின் அடியில் விற்பனைக்குத் தொடர்புகொள்ள ஒரு நம்பர் இருந்தது. டாக்டர் மேஜை மேலிருந்த போனில் அந்த நம்பரை அழுத்தி, ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டார். யாரென்று கேள், மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், சொல்லுங்க. எந்த டிசைன் பத்தித் தெரிஞ்சுக்கணும்?"

பதவிசான, கொஞ்சம் பாடம் ஒப்பிப்பதுபோன்ற குரல். ஒவ்வொரு வார்த்தையும் சலவை செய்து மடித்து வைத்தது மாதிரி. ஆனாலும் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து கதை சொன்ன குரலை எவ்வளவு சலவை செய்தால்தான் என்ன? சின்னவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ? சொல்லுங்க, கேக்குது."

"அந்த நீர்யானை யார் வரைஞ்சது?" என்றாள் சின்னவள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் குக்கரின் விசில். பிறகு போன் வைக்கப்பட்டது.

வாயோயாமல் பேசுகிற டாக்டரம்மா முதல் தடவையாகப் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தார்.

சின்னவள் அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தும் வழியில் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஒருவேளை அக்காவுக்கு எதுவும் தெரியாமலிருக்கலாம், அத்தான் போனை எடுத்துப் பேசு என்று சொல்லியிருப்பார், இவள் பேசியிருப்பாள், அவ்வளவுதான் என்று பாதி வழி வரை சொல்லிக்கொண்டாள். அந்தக் கூரையின் கீழே நம்புவதற்கு யாராவது ஒருவர் மிச்சமிருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

கதவைத் திறந்தது அத்தான். அலுவலகத்திலிருந்து பாதியில் வந்திருக்கிறார் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. ஓவியர் மேடம் என்று கூப்பிடவில்லை. வா, உட்கார் என்றார். உள்ளறையில் அம்மா மதியத் தூக்கத்தில் இருந்தாள். அக்கா கூடத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க கம்பெனியா அத்தான் அது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ரொம்ப நாளாகவே சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. ரெடிமேட் டிசைன் வியாபாரம் சூடு பிடித்திருக்கிற காலம். சின்னதாக ஆரம்பித்தோம், பிய்த்துக்கொண்டு போனது. இப்போது ஒரு பெரிய இடம் கம்பெனியை மொத்தமாக வாங்க வருகிறது. எல்லா டிசைனும் ஒரே பெயரில் பதிவாகி இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட கண்டிஷன். உன் படங்கள் போன வருஷமே கம்பெனி பெயரில்தான் பதிவாகியிருந்தன. அவர்களுடைய வக்கீல்கள் அந்தப் படங்கள் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புகார் அனுப்பிவிட்டார்கள். அது உன்மீதே வந்து விழும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. விற்று முடிந்ததும் உன்னிடம் சொல்லி, உனக்கு உண்டான பங்கைக் கையில் கொடுக்கலாம் என்றுதான் இருந்தோம். சந்தேகம் இருந்தால் உன் அக்காவைக் கேள். இப்படிப் பூசி மெழுகிக்கொண்டே போனார். குரலில் பதற்றமே இல்லை. காப்பியடிப்பவர்களிடமிருந்து தப்புவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல், அதே நிதானம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தான்."

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டியேம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சின்னவள் அக்காவிடம் திரும்பினாள். "உனக்கு எப்ப தெரியும்க்கா?"

"முதல்லேர்ந்தே தெரியும்" என்றாள் அக்கா. துணியைக் கீழே வைக்கவில்லை. "கம்பெனி என் பேர்லதான் இருக்கு. கையெழுத்துப் போட்டது நான்தான்."

"அன்னிக்கு போன்ல, அந்தப் பாவி யாருன்னு தெரியட்டும்னு சொன்னியே."

"நீ அழுதுட்டிருந்த. வேற என்ன சொல்லச் சொல்ற?"

அத்தான் செய்ததற்கு ஒரு பெயர் இருந்தது. திருட்டு, கழுத்தறுப்பு, எதையாவது சொல்லித் திட்டலாம். அழுகிற தங்கைக்கு ஆறுதலும் சொல்லி, அவள் மறுப்பு அனுப்பிவிட்டாளா என்று நைசாக விசாரித்தும் வைத்த அக்காவை என்னவென்று சொல்வது?

"ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதுவரை தணிந்திருந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஏன்னா கேக்கற? முதமுதல்ல எங்க உக்காந்து வரைஞ்ச? இந்த வீட்ல, அந்தக் கதவு மேஜையில. நீ காலேஜ் போகணும்னு நான் வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்தேன். அம்மாவைப் பாத்துக்கிட்டேன். அதெல்லாம் யார் கணக்குல வரும்? எல்லாரும் உன் படம், உன் கை, உன் பேருங்கறாங்க. அந்தக் காதுகூட நான் சொன்னதுதான்."

அதில் பாதி உண்மை. அதுதான் சின்னவளைத் தாங்க முடியாமல் செய்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உதறிவிட்டு எழுந்திருப்பாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா" என்றாள்.

"குடுத்திருப்ப. குடுத்தேன்னு காலம் பூரா நினைச்சிட்டும் இருந்திருப்ப."

அத்தான் மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்து, நடந்தது நடந்துவிட்டது, இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம் என்றார். நீ மறுப்பு அனுப்பினால் விற்பனை நின்றுபோகும். அதுகூடப் பரவாயில்லை. படம் தங்களுடையது என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பது உன் அக்கா. நாளைக்கு ஏதாவது விசாரணை என்று வந்தால் பொய் சொன்னது அவள் என்றுதான் ஆகும். யோசித்துச் செய் என்றார். சின்னவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் கம்பெனியில் எந்த இடத்திலும் அவர் பெயர் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கை ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி அதே துண்டை மடித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் அது விளங்கியதா இல்லையா என்று தெரியவில்லை.

அம்மா எழுந்திருப்பதற்குள் சின்னவள் கிளம்பிவிட்டாள்.

அனுப்புவதா வேண்டாமா என்று அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அனுப்பினால் அக்கா மாட்டிக்கொள்வாள். அனுப்பாவிட்டால் தான் வரைந்ததற்குத் தானே திருடி. கண்ணாடிக் கடைக்காரர் தலையாட்டிக்கொண்டு எழுந்துபோன காட்சி மனசை விட்டுப் போகவே இல்லை. சும்மா இருந்தால் இனி வரும் ஒவ்வொருவரும் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள். அக்காவுக்குப் போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. கடைசியில், "நான் மறுப்பு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே புகாரை வாபஸ் வாங்கிட்டா யாருக்கும் எதுவும் வராது" என்று மெசேஜ் போட்டாள். அக்கா அதைப் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. ஒரு வாரம்போலப் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுப்பை அனுப்பினாள்.

டாக்டர் ஒரு கட்டு மெயில்களைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். முதன்முதலில் நீர்யானை வேண்டும் என்று கேட்டது, சின்ன காதோடு சின்னவள் அனுப்பிய முதல் படம், பிறகு பெரிய காதோடு அனுப்பியது, எல்லாம் அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முந்தைய தேதியோடு அதில் இருந்தன. சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வரவேண்டுமானாலும் வருகிறேன், பேசுவதற்கு எனக்கு ஓர் இடம் கிடைத்த மாதிரி இருக்கும் என்றார்.

கோர்ட்டுக்குப் போக வேண்டி வரவில்லை. அந்தப் பக்கமிருந்து எதிர்ப்பு எதுவும் வரவில்லை. கெடு முடிந்ததும் படங்கள் போன மாதிரியே சத்தமில்லாமல் திரும்பி வந்தன. அத்தானுடைய வெப்சைட்டில் மருத்துவமனைப் பிரிவே காணாமல் போனது. கம்பெனியை வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று பின்னால் காதில் விழுந்தது. அக்காமேல் எதுவும் வரவில்லை. சின்னவள் தானே முயன்று, ஒவ்வொரு படத்தையும் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்தாள். பழைய பதிவை ரத்து செய்யும் காகிதத்தில் அக்காவின் கையெழுத்து வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பினாள். கையெழுத்தோடு திரும்பி வந்தது. கூட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். பல்லழகன் திரும்பி வந்த அன்று டாக்டர் பெரிய பெட்டி நிறைய இனிப்பு அனுப்பினார், கூடவே பல் தேய்க்க மறக்காதே என்று ஒரு சீட்டு. சின்னவள் சிரித்தாள். ஆனால் படத்தைத் திறந்து பார்த்தபோது முன்போல் உள்ளே எதுவும் துள்ளவில்லை. காது கண்ணில் பட்டதும் பக்கத்தை மூடிவிட்டாள். வணக்கம் சொல்லுங்க என்ற குரல்தான் காதுக்குள் கேட்டது. டாக்டர் புதிதாக ஏதாவது வரைந்து தா என்று கேட்டபோது, இப்போதைக்கு நீர்யானை வேண்டாம் டாக்டர், வேறு ஏதாவது வரைகிறேன் என்றாள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, அத்தான் ஊரில் இல்லை, எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போக வர முடியுமா என்று கேட்டாள். சின்னவள் வருகிறேன் என்றாள். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனாள். அக்கா அம்மாவைக் கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டி வந்து, மருந்துச் சீட்டு இருந்த பையைத் தங்கையிடம் நீட்டினாள்.

"காலையில மாத்திரை போட்டாச்சு" என்றாள்.

"சரி."

"படி ஏற விடாத. லிஃப்ட் இருக்கும்."

"சரிக்கா."

ஆட்டோ கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அம்மா, நீங்கள் இரண்டு பேரும் ஏன் இப்போதெல்லாம் பேசிக்கொள்வதில்லை என்று கேட்டாள். வேலை அதிகம்மா என்றாள் சின்னவள். மழைச்சாரல் உள்ளே அடித்தது. அவள் அம்மாவின் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டாள்.